பி பிளாக்கில் மிச்சமான கயிறு

“உங்க வீட்டு ரயிலு நாலு நாளா எங்க வாசல்லயே வந்து நிக்கி, கேட்டா சிக்னல் விழலங்காரு, நான் செருப்பை எங்க கழட்ட, எங்க ஏஞ்சலை எங்க நடக்க விட?” என்று எதிர்வீட்டு ஜெபகனி டீச்சர் கேட்டதை, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல், டீச்சர் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் மூச்சு வாங்கி, ஆவுடை தன் கணவர் நமச்சிவாயத்திடம் ஒப்பித்தாள். ஏஞ்சல் என்பது டீச்சரின் பொம்மை. படுக்கவைத்தால் கண் மூடும், கையைப் பிடித்தால் நடக்கும்.

“சிக்னல் விழாம எப்படி எடுக்க?” என்றார் நமச்சிவாயம், வராந்தாத் தரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சிக்னலை யாரு போடணும்?”

“நான்தான்.”

“அப்போ போடுங்க.”

“எதிர்ல ஒரு வண்டி வரணும்லா. ஒத்தைத் தடம்.”

ஐம்பத்தொன்பது வயது, பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருடம் வரைவாளராக இருந்து நேர்கோடு தவிர வேறெதையும் போடாத மனிதர், இடுப்பில் வேட்டியும் வாயில் விசிலுமாக உட்கார்ந்து, இல்லாத வண்டிக்காகக் காத்திருந்தார். அவரைச் சொல்லிப் பயனில்லை என்று ஆவுடைக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள். டீச்சர் சொன்னதைச் சொல்லிவிட்டேன் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டுமே, அதற்காக.

பொம்மை ரயில் வந்த கதை பெரிய கதையொன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டுப் பக்கம் இருந்த அந்த அடுக்ககத்தின் பி பிளாக்கில், ஐப்பசி மழை விட்ட முதல் திங்கட்கிழமை காலையில், கதவுக் கைப்பிடிகளில் தொங்கிய பால் பைகளுக்குள் பால் பாக்கெட்டோடு பாக்கெட்டாகவும், பைக்குள் அடங்காதவை வாசலில் கோலத்தை மிதித்துக்கொண்டும், பொம்மைகள் வந்திருந்தன. கீழ்த்தளத்தில் இருந்த பழைய தாசில்தாருக்குச் சாவி கொடுத்தால் தத்துகிற தகரத் தவளை வந்தது, மூன்றாம் தளத்துப் பல் டாக்டரம்மாவுக்கு உண்மையிலேயே சூடேறுகிற குட்டி அடுப்பு வந்தது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாசானம் அண்ணாச்சிக்கு மூன்று சக்கர சைக்கிள் வந்தது, அதுவும் கேட்டு அழுத வயதின் அளவில் அல்ல, அறுபத்து மூன்று வயதுத் தொந்தி முட்டாமல் மிதிக்கிற அளவில் வந்தது. எதிலும் பெயர் இல்லை, அனுப்பியவர் இல்லை, ஆனாலும் கதவைத் திறந்தவர்கள் ஒருவர்கூட இது என்ன என்று கேட்கவில்லை, பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பொம்மையை முகர்ந்து பார்த்தார்கள், எந்தக் கடையின் எந்தக் கண்ணாடிக்கு வெளியே எந்த வருடம் நின்றார்களோ அந்தக் கடையின் வாசனை அதில் அப்படியே இருந்தது.

அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. பி பிளாக்கில் அதிசயம் என்றால் லிப்ட் ஒரு வாரம் சேர்ந்தாற்போல ஓடுவது. பிள்ளையார் கோயில் பட்டரைக் கேட்டதற்கு, வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அர்ச்சனை வேண்டுமானால் தேங்காயோடு வாருங்கள் என்றார். டீச்சரின் சர்ச்சுப் பங்குச் சாமியார், நன்றி சொல்லிவிட்டு நடைபாதையில் இடம் விட்டு வைக்கச் சொன்னார். இரண்டு சன்னிதியிலும் வேலை முடிந்துவிட்டதால் விஷயம் முறைப்படி சங்கத்துக்கு வந்து சேர்ந்தது.

சங்கம் பொதுக்குழுவைக் கூட்டியது. லிப்டுக்குள் சைக்கிள் ஓட்டக்கூடாது, மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஊதல் கூடாது, இவை எல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்மானமாயின. சிக்கல், பாதிப் பேருக்குத்தான் வந்திருந்தது, அதிலும் சில வீடு மாறி வந்திருந்தன, வீட்டைக் காலிபண்ணிவிட்டு நாகர்கோவிலுக்குப் போன ஒருவரின் பம்பரம் புதிதாகக் குடிவந்தவரின் வாசலில் மூன்று நாள் சுற்றிக்கொண்டே கிடந்தது. எனவே மாசானம் அண்ணாச்சி ஒரு படிவம் அடித்தார். பெயர், வீட்டு எண், சிறுவயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத பொருள், கிடைக்காததற்குக் காரணம், கையொப்பம். நம் ஊரில் வானத்திலிருந்து வருவதுகூடப் பதிவேட்டுக்கு அடங்கித்தான் ஆகவேண்டும். படிவம் வந்த நாளிலிருந்து பொம்மைகள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டு, சங்க அறைக்குள் வீட்டு எண் சாக்கட்டியில் எழுதப்பட்டு, வரிசையாக வந்து உட்கார்ந்தன.

காரணம் எழுதுகிற கட்டம் யாருக்கும் போதவில்லை. ஆண்கள் மாடிப்படியில் நின்று பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதினார்கள், தாசில்தார் தவளை வந்த பிறகும் பழக்கதோஷத்தில் மூன்று பக்கம் எழுதி இணைப்பு என்று குத்தினார், டீச்சர் எழுதி முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். படிவங்களை வாங்கிச் சேர்க்கிற வேலை ஆவுடைக்கு. ஏன் அவளுக்கு என்றால், அன்று சும்மா நின்றுகொண்டிருந்தது அவள்தான். சும்மா என்றால், குக்கரில் மூன்றாவது விசிலை எண்ணிக்கொண்டு.

எல்லா வீட்டுப் படிவமும் சேர்ந்ததும் அண்ணாச்சி, “உங்களுது எங்கம்மா?” என்றார். ஆவுடை தன் படிவத்தைச் சுவரில் வைத்து, நின்றவாக்கிலேயே, கான்வென்ட்டின் சாய்வில்லாத உருண்டைக் கையெழுத்தில் நிரப்பினாள். படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று தெளிவாக எழுத வேண்டும் என்று சிஸ்டர் மெடில்டா பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்தது நாற்பது வருடமாக அவள் கைக்குள் இருந்தது. கேஸ் புத்தகத்திலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை அவள் அப்படித்தான் நிரப்புவாள். கிடைக்காத பொருள்: இல்லை. காரணம்: பொருந்தாது. அன்றைக்கும் குக்கரில் நான்காவது விசில் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மற்றவர்களில் கூச்சப்பட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கெல்லாம் பத்து நாளில் வந்துவிட்டது. முப்பத்தாறு வீட்டிலும் வராத ஒரே ஆள் ஆவுடை.

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. “உங்களுக்குத்தான் ஒண்ணும் வரலியேக்கா” என்று முதலில் பல் டாக்டரம்மா தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கிவைக்க. அடுப்பில் தட்டாங்கல் அளவுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்த அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த நாள் தாசில்தார் சாவி, அதற்கடுத்த நாள் மாசானம் அண்ணாச்சி சங்க அறைச் சாவியையும் மோட்டார் அறைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார், சைக்கிளில் இரண்டு கையும் பிடிக்க வேண்டியிருக்கிறதாம். கார்த்திகை முடிவதற்குள் முப்பத்தைந்து வீட்டுச் சாவியும் ஒரு பழைய வளையலில் கோக்கப்பட்டு ஆவுடையின் இடுப்பில் தொங்கின. சிலிண்டர்காரனுக்கு அவள்தான் கையெழுத்துப் போட்டாள், கூரியர்காரனுக்கு அவள்தான் இருக்கிறேன் என்று குரல் கொடுத்தாள், தண்ணீர் லாரிக்கு அவள்தான் குழாய் பிடித்தாள், டீச்சரின் மாமியாருக்கு மூன்று வேளை மாத்திரையை அவள்தான் நீட்டினாள், பள்ளி வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, அப்பா பட்டத்துக்கு வால் ஒட்டுவதையும் அம்மா பல்லாங்குழியில் தோற்று அழுவதையும் கண்டு, பெருமூச்சோடு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதின. ஏழு மணி அடிக்கிற வரை எழுந்திருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். பி பிளாக்கில் பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ள அவளும் அந்தப் பதினோரு பிள்ளைகளும்தான் மிஞ்சியிருந்தார்கள்.

அவளுக்கு முட்டு வலித்தது. எந்த முட்டு என்று கேட்டால் இரண்டும். படியேறும்போது வலதும் இறங்கும்போது இடதும் முறை வைத்துக்கொண்டு வலித்தன.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ரயில் நின்ற இடத்துக்குப் போனாள். டீச்சர் வீட்டு வாசல் கோவில்பட்டி ஸ்டேஷன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எங்கப்பா வருஷா வருஷம் ஆனித் தேருக்கு ரதவீதிக்குக் கூட்டிட்டுப் போவாரு,” என்றார் நமச்சிவாயம், சோற்றைப் பிசைந்துகொண்டே. “கடைக்கண்ணாடிக்குள்ள இது சுத்திச் சுத்தி ஓடும். பாத்துக்கோ, பாத்துட்டேல்லா, வா போவோம்பாரு. ஏழு வருஷம். ஏழு வருஷமும் நல்லாப் பாத்துக்கிட்டேன்.”

ஆவுடை அவர் பக்கத்தில், தரையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் அவருடைய பின்னங்கழுத்தைத் தடவிக்கொடுக்கலாமா என்றிருந்தது. முப்பது வருடமாக இந்த மனிதரின் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள், இதை ஒருநாளும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு ரயிலை அவளே வாங்கிக் கொடுத்துத் தொலைத்திருப்பாள்.

“நீ எதுக்குமே ஆசப்பட்டதில்ல, என்ன?” என்றார் அவர், பிரியமாகத்தான்.

“ரசத்துக்குச் சோறு போடவா?” என்றாள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள், சங்க அறையைக் கூட்ட அவள் கதவைத் திறந்தபோது, வரிசை முடிந்து மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்த மேசைமேல், ஒரு கயிறு இருந்தது. ஸ்கிப்பிங் கயிறு. பச்சையும் வெள்ளையும் முறுக்கிய பருத்திக் கயிறு, இரண்டு முனையிலும் சிவப்புச் சாயம் பூசிய மரப்பிடி, பிடிக்குள்ளே சின்னதாக ஒரு பித்தளை மணி. சாக்கட்டியில் எண் ஏதும் இல்லை. தனியாகக் குதிக்கிற குட்டைக் கயிறு இல்லை அது, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று சுற்ற, நடுவில் ஒருத்தி குதிக்கிற நீளக் கயிறு.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது ஆவுடைக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்பு. இடைவேளை மணி அடித்ததும் பன்னீர் மரத்தடிக்கு ஓட வேண்டும். கயிறு புளோரன்ஸுடையது, கயிறு யாருடையதோ அவள்தான் யார் குதிப்பது என்று சொல்வாள். ஆவுடை வகுப்பிலேயே உயரம், கையில் நல்ல பலம், அதனால் சுற்றுகிறவள் அவள். பிடிக்குள்ளே மணி குலுங்கும், புளோரன்ஸ் குதிப்பாள், ஸ்டெல்லா குதிப்பாள், ரமணி குதிப்பாள், அடுத்தது நீதான் என்பார்கள், அடுத்ததற்குள் இடைவேளை முடிந்துவிடும். ஜூன் மாதம் முதல் ஏப்ரல் வரை அவள் சுற்றினாள். சொந்தமாக ஒரு கயிறு இருந்தால் மற்றவர்கள் சுற்றுவார்கள் என்று கணக்குப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு நல்ல மனநிலையில் இருந்த அப்பாவிடம் கேட்டாள். “பொம்பளப் பிள்ளைக்குக் கயிறு எதுக்கு? கிணத்துல ஒண்ணு கிடக்கே, எடுத்துக் குதி,” என்று அவர் சொன்னதும் அத்தைமார் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் யார் என்ன வேண்டும் என்று கேட்டாலும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லப் பழகி, பழக்கம் உண்மையாகி, உண்மை மறந்தும் போயிருந்தது. படிவத்தில் அவள் பொய் எழுதவில்லை. அன்றைக்கு அவளுக்கே ஞாபகம் இல்லை.

அறையை அப்படியே பூட்டிவிட்டு நேராக மாசானம் அண்ணாச்சியிடம் போனாள். அவர் சைக்கிளில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார், அதனால் அவளும் கூடவே நடக்க வேண்டியிருந்தது.

“அண்ணாச்சி, ஒரு கயிறு வந்திருக்கு. அது என்னுது.”

“உங்களுதுல இல்லன்னுல்லா எழுதிருக்கு.”

“எழுதினேன். தப்பா எழுதிட்டேன்.”

“கையெழுத்தும் போட்டிருக்கிய. அடிச்சல் திருத்தல் கிடையாது. முத்து முத்தா இல்லன்னு எழுதிட்டு இப்போ உண்டுங்கிய.” பெல்லை அடித்தார். “பொதுக்குழுவுல வையிங்க. நான் ஒத்த ஆளு என்ன செய்ய முடியும்?”

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. எல்லாரும் மடியில் பொம்மையோடு வந்திருந்தார்கள். கயிறு நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. வேறு யாராவது உரிமை உண்டா என்று கேட்டு ஒவ்வொருவராக அதைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தார்கள், யார் கையிலும் மணி குலுங்கவில்லை. ஆவுடை எடுத்து ஒரே ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பினாள், பித்தளை மணி குலுங்கியது, கூட்டம் முழுக்கக் கேட்டது. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

சந்தேகப்படவும் இல்லை. அவர்கள் பயந்துபோனார்கள். பதினோரு பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முப்பத்தாறு சிலிண்டரும் தண்ணீர் லாரியும் மாமியாரின் மாத்திரையும் அந்த ஒரு குலுக்கலில் எல்லார் கண்முன்னாலும் வரிசையாக வந்து நின்றன. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. டீச்சர் ஏஞ்சலின் தலையைக் கோதிக்கொண்டு, “நான் அக்காவோட நல்லதுக்குச் சொல்லுதேன். இந்த வயசுல குதிச்சா முட்டு என்னத்துக்கு ஆவும்?” என்றாள். பல் டாக்டரம்மா, டாக்டர் என்ற முறையில், ஆமோதித்தாள். தாசில்தார், கையொப்பமிட்ட ஆவணத்துக்கு மரியாதை இல்லாமல் போனால் நாளைக்கு ஆளாளுக்கு இரண்டாவது பொம்மை கேட்பார்கள் என்றார். எல்லாருக்கும் அவளுடைய முட்டின்மேல் அவ்வளவு அக்கறை இருந்தது. அந்த முட்டோடு ஒரு நாளைக்கு எத்தனை முறை மூன்று மாடி ஏறுகிறாள் என்று ஆவுடை சொல்லப் போனாள், அதற்குள் அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

“வீட்டுக்காரரைக் கேட்டுருவோம்,” என்றார் அண்ணாச்சி. “நமச்சிவாயம், நீங்க சொல்லுங்க. உங்க சம்சாரம் இப்படி ஒரு கயிறு கேட்டதா எப்பமாவது சொல்லிருக்காங்களா?”

நமச்சிவாயம் என்ஜினை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்தார். சபையில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். பெண்டாட்டிக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்தார், முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“முப்பது வருஷத்துல அவ எங்கிட்ட ஒண்ணுகூடக் கேட்டதில்ல,” என்றார்.

கூட்டம் கை தட்டியது. கயிறு பொதுச்சொத்து, மழைக்காலத்தில் மோட்டார் அறையின் தார்ப்பாயைக் கட்டப் பயன்படுத்தலாம், அதுவரை சங்க அறையில் இருக்கட்டும், அறையின் சாவி வழக்கம்போல ஆவுடையம்மாளிடம் இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

அவர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆவுடை மறுநாள் சாயங்காலம் வரை பொறுத்தாள். மாத்திரை கொடுத்தாள், லாரிக்குக் குழாய் பிடித்தாள், பிள்ளைகளை மேசையில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி கொடுத்து ஏழு மணி வரை அசையக்கூடாது என்றாள். பிறகு ஐந்து மணி வெயிலில் கீழே இறங்கி, சங்க அறையைத் திறந்து, கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பி பிளாக்கின் நடு முற்றத்துக்கு வந்தாள். முற்றம் நிறைய ஆட்கள். தவளை தத்தியது, பட்டம் ஏறியது, அண்ணாச்சி பெல் அடித்துக்கொண்டு சுற்றினார், ரயில் அன்று முற்றத்தில் இறங்கி விருதுநகர் சந்திப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது, டீச்சர் ஏஞ்சலை நடத்திக்கொண்டு வந்தாள். ஆவுடை இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். யாரும் திரும்பவில்லை.

கயிற்றின் ஒரு பிடியைத் தூணில் கட்டினாள், கான்வென்ட்டில் சாரணர் இயக்கத்தில் படித்த முடிச்சு. மறுபிடியை வேப்ப மரத்தில் கட்டிப் பார்த்தாள், கயிறு துணி காயப்போடுகிற கொடிபோலத் தொங்கியது. அவிழ்த்தாள். தானே ஒரு முனையைச் சுற்றிவிட்டு ஓடிப்போய் நடுவில் நிற்க முடியுமா என்றும் பார்த்தாள். அவள் வந்து சேர்வதற்குள் கயிறு தரையில் விழுந்துவிட்டது. இரண்டாம் முறையும் விழுந்தது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, பிடியைக் கையில் நீட்டிப் பிடித்தபடி, முற்றத்தின் நடுவில் நின்றாள்.

“டீச்சர், இதைக் கொஞ்சம் பிடிங்களேன்.”

டீச்சர் ஏஞ்சலுக்குப் படி இறங்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஆவுடையைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனார், பெல் மட்டும் அடித்தது.

“அத்தான்.”

நமச்சிவாயம் தரையில் மண்டியிட்டு, ஒரு காதை என்ஜினோடு ஒட்டிவைத்திருந்தார். ரயில் அவள் காலடி வரை வந்தது, அவளுடைய கால் கட்டைவிரலில் லேசாக முட்டியது, பின்வாங்கித் தடம் மாற்றிக்கொண்டு போனது, அவரும் அதன் பின்னாலேயே போனார்.

வெயில் வேப்ப மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கை வலித்தது, ஆனாலும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

“ரொம்ப நேரம் வேண்டாம்,” என்றாள் ஆவுடை. “பத்து எண்ணுத வரைக்கும் போதும். யாராவது ஒரு ஆளு வந்து இந்த முனையைச் சுத்துங்க.”